வாய் திறக்காத கம்ப்யூட்டரும் மகஜர் அண்ணாச்சியும்

தென்காசி, செங்கோட்டை, குற்றாலம் மூன்றையும் சேர்த்துச் சல்லடை போட்டுத் தேடினாலும், வாய் திறக்காத ஒன்றை வாய் திறக்க வைப்பதில் மகஜர் அண்ணாச்சிக்கு இணையாக ஒருவர் அகப்பட மாட்டார். நான் சொல்லும் எண்பதுகளில் தென்காசிக் கோவில் கோபுரம் மொட்டையாகத்தான் நின்றது. இடி விழுந்து பிளந்தது என்பார்கள், தீப்பிடித்தது என்பார்கள், ஆளுக்கொரு கதை. அண்ணாச்சி மட்டும் அதன் எதிரே ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து நாலு கேள்வி கேட்டிருந்தால், கோபுரமே தேதி, கிழமை, நேரம் எல்லாம் சொல்லி, கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருக்கும்.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியாது. கேட்கத் தோன்றியதும் இல்லை. அப்பா போலீஸ், இரண்டு அண்ணன்மார் போலீஸ், தாய்மாமன் ஆயுதப்படை. இவருக்கு மட்டும் ஆள் எடுப்பில் மார்பளவு அரை அங்குலம் குறைந்துவிட்டது. கண் பிதுங்கும் வரை மூச்சை இழுத்துப் பிடித்துக் காட்டியிருக்கிறார். அளந்தவர் இரக்கமே இல்லாமல் டேப்பைச் சுருட்டிக்கொண்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். அந்த அரை அங்குலத்தால் காவல்துறை இழந்ததைக் கம்ப்யூட்டர் துறை வாரி எடுத்துக்கொண்டது. மதுரையில் ஆறு மாதம் படித்துவிட்டு வந்து, தென்காசியில் ஒரு மாடியறையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்க உட்கார்ந்தார். அன்றைக்கு அந்த வட்டாரத்தில் இருந்த மொத்தக் கம்ப்யூட்டர்களையும் ஒரு மாட்டு வண்டியில் ஏற்றிவிடலாம். அப்புறமும் வண்டிக்காரன் காலை நீட்டிப் படுக்க இடம் இருக்கும்.

ரிப்பேருக்கு வந்தால் மற்றவர்கள் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பார்கள். இவர் ஒரு நீள நோட்டை எடுப்பார். குற்றம் நடந்த இடத்தில் போலீஸ்காரர்கள் கண்ணில் பட்டதையெல்லாம் எழுதிவைப்பார்கள் அல்லவா, அதுதான் மகஜர். இவர் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒன்று எழுதினார். "மேஜை கிழக்குப் பார்த்தது. மேல் ஒரு பெட்டி, டி.வி. மாதிரி ஒரு திரை, பாதி கடித்த முறுக்கு ஒன்று. முறுக்கு யாருடையது என்று விசாரிக்க வேண்டும்." இப்படி நாலைந்து வரி எழுதிய பிறகுதான் மின்சாரம் வருகிறதா என்றே பார்ப்பார். பெயர் அப்படி வந்ததுதான்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லிவிட வேண்டும். அப்போது கம்ப்யூட்டரில் தொடுவதற்குப் படமெல்லாம் கிடையாது. கறுப்புத் திரை. மூலையில் C என்று ஓர் எழுத்து, பக்கத்தில் கண்சிமிட்டும் ஒரு சின்னக் கோடு. புரோகிராமின் பெயரை அடித்து எண்டர் தட்டினால் அது ஓடும். ஓடாவிட்டால் ஏதாவது திட்டும். இந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை என்னும், இடம் போதாது என்னும். திட்டினால் கவலையில்லை, திட்டைப் பிடித்துக்கொண்டே போய்க் கோளாறைக் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் சில சமயம் எண்டர் தட்டியதும் ஒரு வார்த்தை வராது. மறுபடியும் அதே C, அதே கண்சிமிட்டல். ஓடவும் இல்லை, ஏன் ஓடவில்லை என்று சொல்லவும் இல்லை. முறைத்துக்கொண்ட சம்பந்தி வீட்டு வாசலில் நிற்பது போல இருக்கும்.

அண்ணாச்சிக்குப் பிடித்தது இந்த ரகம் மட்டும்தான். "திட்டுதவன் நல்லவன்வே. சொல்லாம போறாம் பாரும், அவந்தான் கேஸு" என்பார். கம்ப்யூட்டரும் அவருக்கு அவன்தான், புரோகிராமும் அவன்தான்.

அச்சன்புதூரில் ஒரு விதைக்கடையில் இப்படித்தான். விதைப் பட்டியல் காட்டும் புரோகிராம் திடீரென்று ஊமையாகிவிட்டது. பெயரை அடித்தால் C வந்து சிமிட்டுகிறது. கடைக்காரர் வாஸ்து பார்த்து மேஜையைத் திருப்பிப் போட்டார், தேங்காய் உடைத்தார், தேங்காய்த் தண்ணீர் கீபோர்டுக்குள் போனதுதான் மிச்சம். அண்ணாச்சி போய் கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. கடையில் இருந்த ஒவ்வொருவரையும் தனித்தனியாக உரக்கிடங்குக்குள் அழைத்துப் போய் விசாரித்தார். மூன்றாவதாகப் போன மச்சினன் வெளியே வரும்போது முகம் வெளுத்திருந்தது. அவன் சொந்தமாக ஒரு புரோகிராம் எழுதிப் பார்க்கலாம் என்று ஆசைப்பட்டு, ஏற்கெனவே இருந்த பெயரையே அதற்கும் வைத்து, உள்ளே ஒன்றும் எழுத வராமல் வெறுமனே விட்டுவிட்டு எழுந்து போயிருக்கிறான். பஸ் ஸ்டாண்டில் நின்று 'சங்கரா' என்று கூப்பிட்டால் நமக்கு வேண்டிய சங்கரனுக்கு முன்னால் வேறொரு சங்கரன் திரும்பிப் பார்த்துவிட்டுப் போய்விடுவான் இல்லையா, அந்த மாதிரி கூப்பிடும்போதெல்லாம் இந்த வெறும் ஆள் முன்னால் வந்து, ஒன்றும் செய்யாமல் போய்க்கொண்டிருந்திருக்கிறான். வெறும் ஆளை அழித்ததும் பட்டியல் வந்துவிட்டது. மச்சினன் மட்டும் அப்புறம் ஒரு மாதத்துக்குக் கடைப் பக்கம் வரவில்லை என்று கேள்வி.

இனி என் கேஸுக்கு வருகிறேன். சொல்வதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் வாரப் பத்திரிகையில் எழுதுகிறவன் வெட்கப்பட்டால் பக்கம் நிரம்பாது.

நான் அப்போது குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். முதலாளி சென்னைக்குப் போன இடத்தில் ஒரு ஹோட்டலில் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, ஊருக்கு வந்ததும் தூக்கம் வராமல் ஒன்று வாங்கிப் போட்டுவிட்டார். எந்த அறையில் யார், எப்போது காலி செய்கிறார் என்று அது சொல்லும். மதுரையில் ஒருத்தர் செய்து கொடுத்த புரோகிராம். என் உத்தியோகம் காலையில் ROOM என்ற நாலு எழுத்தை அடித்து எண்டர் தட்டுவது. இது எப்படியோ கல்யாணத் தரகர் வாயில் ஏறி வாசுதேவநல்லூர் போய்ச் சேர்வதற்குள், அந்தப் புரோகிராமையே நான்தான் செய்தேன் என்று ஆகியிருந்தது. பெரியவர்கள் பேச்சை மறுத்துப் பேசுவது மரியாதையில்லை என்று நானும் விட்டுவிட்டேன்.

வாசுதேவநல்லூரில் கோமதி இருந்தாள். ஒரு கல்யாண வீட்டில் ஒரே ஒரு தடவை பார்த்தது. கட்டினால் அவளைத்தான் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். முடிவு செய்ய வேண்டிய இன்னொருவர் அவள் அப்பா. ரிட்டயர்டு ஏட்டு. ஊரே ஏட்டையா என்று கூப்பிடும். முப்பது வருஷம் மனிதர்களைச் சந்தேகப்பட்டுப் பழகியவர், கம்ப்யூட்டர் மாப்பிள்ளையை மட்டும் சும்மா விடுவாரா. அது என்ன வேலை, டைப் அடிக்கிறதுதானே, நேரில் பார்த்துவிட்டுத்தான் வாக்குக் கொடுப்பேன் என்று சொல்லிவிட்டார். ஆனி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை குடும்பத்தோடு அருவிக்கு வருவதாகவும், பன்னிரண்டு மணிக்கு எங்கள் லாட்ஜில் அவர் கண் முன்னாலேயே நான் கம்ப்யூட்டரில் அறை போட்டுக் கொடுக்க வேண்டும் என்றும் ஏற்பாடு. ROOM ஓடினால் எனக்குக் கல்யாணம். ஓடாவிட்டால் கோமதிக்கு வேறு மாப்பிள்ளை.

வியாழக்கிழமை சாயங்காலம் எனக்கு ஒரு பயம் பிடித்தது. புரோகிராம் ஆரம்பிக்கும்போது திரையில் நாலு வரி ஓடும். இதைச் செய்தவர் இன்னார், மதுரையில் இன்ன தெரு என்று. ஏட்டையா அதை எழுத்துக்கூட்டிப் படித்தால் என் மானம் என்ன ஆகும். ROOM என்று அடித்தால் முதலில் ஓடுவது ஒரு குட்டி ஃபைல், அதுதான் உள்ளே இருக்கும் பெரிய புரோகிராமைக் கூப்பிடும். அந்தக் குட்டி ஃபைலைத் திறந்து, வரியின் கடைசியில் ஓர் அம்புக்குறி போட்டு, பக்கத்தில் NUL என்று அடித்தேன். அதற்கு அர்த்தம், இவன் வரிவரியாகப் பேசுவதையெல்லாம் பாழுங்கிணற்றில் கொட்டு, கட்டம் போட்டு வரைவதை மட்டும் விட்டுவிடு என்பது. ஓட்டிப் பார்த்தேன். மதுரைக்காரர் வரிகள் காணாமல் போய், நேரே அறைப் படம் வந்து நின்றது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ROOM அடித்து எண்டர் தட்டினேன். C வந்து கண்சிமிட்டியது.

இன்னொரு தடவை தட்டினேன். C. மெதுவாகத் தட்டினேன், ஓங்கித் தட்டினேன், வேறு விரலால் தட்டினேன். அணைத்துப் போட்டேன். சட்டையை மாற்றிக்கொண்டு வந்து தட்டினேன். கெட்ட வார்த்தை தவிர எனக்குத் தெரிந்த எல்லாத் தமிழிலும் அதனிடம் பேசினேன். பிறகு அதையும் பேசினேன். வெளியே சாரல் சிலுசிலுவென்று அடிக்கிறது, எனக்கு மட்டும் பனியன் வேர்வையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பதினேழாவது தடவைக்கு அப்புறம் தென்காசிக்குப் போன் போட்டேன்.

பத்து மணி பஸ்ஸில் அண்ணாச்சி வந்து இறங்கினார். எண்ணெய் தேய்த்துக் குளிக்க வந்தவர்கள் கைபட்டு எங்கள் கவுண்ட்டர் எப்போதும் பளபளவென்று இருக்கும். அதைத் துடைத்து நோட்டை விரித்தார்.

"கடைசியா எப்போ பேசினான்?"

"நேத்து சாயங்காலம், அண்ணாச்சி."

"அதுக்கப்புறம் அவங்கிட்ட யாரு போனா?"

"யாரும் போவல."

"நீரு?"

"நான் ஒண்ணும் தொடல."

இதைச் சொல்லும்போது என் தொண்டையிலிருந்து எனக்கே பழக்கமில்லாத ஒரு குரல் வந்தது. அண்ணாச்சி பேனாவைத் தூக்கி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை தாங்காமல், முந்தின நாள் ஒரு குரங்கு ஜன்னல் வழியாக உள்ளே வந்தது என்று சொன்னேன். வந்தது உண்மைதான். ஒரு வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு மரியாதையாகப் போய்விட்டது. அண்ணாச்சி சளைக்காமல் எழுதினார்: "குரங்கு ஒன்று. அங்க அடையாளம் சொல்லத் தெரியவில்லை." எந்தெந்த எழுத்தைத் தட்டியது என்று கேட்டார். நான் கவனிக்கவில்லை என்றேன். நோட்டை மூடினார்.

"ரெண்டு பேர்ல ஒருத்தன் மறைக்கான். அவனா நீரான்னு தெரியல. குளிச்சிட்டு வாரேன்."

விசாரணை முட்டினால் போய்க் குளிப்பது அவர் வழக்கம். தென்காசியில் என்றால் வாளித் தண்ணீர், ஐந்து நிமிஷத்தில் வந்துவிடுவார். இது குற்றாலம். மெயின் அருவியில் தண்ணீர் கொட்டோ கொட்டு என்று கொட்டுகிறது. பன்னிரண்டு மணிக்கு அவர்கள் வந்துவிடுவார்கள் என்று கிட்டத்தட்ட காலைப் பிடித்தேன். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போயே போய்விட்டார்.

அந்த ஒன்றரை மணி நேரத்தில் நான் என்னென்ன யோசித்தேன் என்று முழுதும் சொன்னால் என் பிள்ளைகள் மதிக்க மாட்டார்கள். செங்கோட்டையிலிருந்து கொல்லத்துக்கு எப்போது ரயில் என்று விசாரித்தேன். கம்ப்யூட்டருக்கு அம்மை என்று சொல்லி வேப்பிலை கட்டிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. முதலாளி இரண்டு தடவை எட்டிப் பார்த்து, என்ன தம்பி முகம் இப்படி இருக்கு என்று கேட்டார். சாரல் ஒத்துக்கொள்ளவில்லை என்றேன்.

பன்னிரண்டடிக்கப் பத்து நிமிஷம். வாசலில் அண்ணாச்சி தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். கூடவே, தண்ணீர் சொட்டச் சொட்ட, மீசையை ஒதுக்கிவிட்டுக்கொண்டு, ஆறடிக்கு ஒருத்தர். இரண்டு பேரும் தோளில் தட்டித் தட்டிச் சிரித்துக்கொண்டு வருகிறார்கள். அவர்களுக்குப் பின்னால் ஓர் அம்மாள். அம்மாளுக்குப் பின்னால், ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு கோமதி.

சீக்கிரமே வந்துவிட்டார்களாம். முதலில் குளித்துவிடுவோம் என்று ஏட்டையா அருவிக்குள் போக, பக்கத்தில் நின்று குளித்தவர் அண்ணாச்சி. அருவிக்கடியில் ரகசியம் பேச முடியாது. காது கிழியக் கத்திக் கத்தியே இரண்டு பேரும் பழகிவிட்டார்கள். அந்த அரை அங்குலக் கதையைக் கேட்டு ஏட்டையா உருகிப்போய், ஒரு நல்ல ஆளை விட்டுட்டானுவளே என்று வாசல் வரைக்கும் வருத்தப்பட்டுக்கொண்டே வந்தார்.

நான் கும்பிட்டேன். அண்ணாச்சி என் கும்பிடு முடிவதற்குள் பேசிவிட்டார்.

"ஏட்டையா, இங்கன ஒரு கேஸு கெடக்கு. காலையிலேருந்து வாயே தெறக்க மாட்டேங்கான். நீங்களும் ஒக்காருங்க."

பெண் பார்க்கும் சடங்கில் மாப்பிள்ளை நின்றுகொண்டும், மாமனார் விசாரணை அதிகாரியாக உட்கார்ந்துகொண்டும் இருந்தது உலகத்தில் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். ஏட்டையா திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தம்பி செஞ்ச புரோகிராம்னுதான சொன்னாவ. செஞ்சவருக்கே தெரியலையா?"

நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

அண்ணாச்சி கீபோர்டை இழுத்தார். "ஏட்டையா, ஒங்க ஸ்டேஷன்ல ஒருத்தன் வாய் தெறக்கலன்னா மொதல்ல என்ன பாப்பீங்க?"

"எவனாவது மெரட்டி வச்சிருக்கானான்னு பாப்பேன்."

"அதத்தான் பாக்கப் போறேன்." குட்டி ஃபைலைத் திரையில் கொண்டுவந்தார். என் அம்புக்குறியும் அதன் பக்கத்து வார்த்தையும் பச்சை எழுத்தில் ஜொலித்தன. பேனா முனையை அதன்மேல் வைத்தார். "இந்தா பாருங்க. அவன் பாவம் காலையிலேருந்து கத்திக்கிட்டுதான் கெடக்கான். எவனோ வாயில துணிய வச்சு அடச்சிருக்கான்."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். ஒருத்தர் முப்பது வருஷ சர்வீஸ், இன்னொருத்தர் அரை அங்குலம் குறைந்த சர்வீஸ். நான் சாதாரண மனிதன்.

"நாந்தான்" என்றேன்.

ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. இது நான் செய்தது இல்லை, மதுரைக்காரர் செய்தது, எனக்குப் பெயரை அடித்து எண்டர் தட்ட மட்டும்தான் தெரியும், அவர் பேரை மறைக்கத்தான் இப்படிச் செய்தேன், குரங்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.  ஏட்டையா ஈரத் துண்டை நிதானமாகப் பிழிந்தார். கொல்லம் ரயில் போயிருக்குமா என்று யோசித்தேன்.

அண்ணாச்சிக்கு இந்த நாடகத்தில் எல்லாம் அக்கறை இல்லை. குட்டி ஃபைலை ஒதுக்கிவிட்டு, பெரிய புரோகிராமை நேராகக் கூப்பிட்டார். மதுரைக்காரரின் நாலு வரியும் ஓடிற்று. கீழே ஐந்தாவதாக ஒரு வரி வந்து நின்றது. அறைப் பட்டியல் எங்கே இருக்கிறது என்று குறித்துவைத்த ஃபைலில் முதல் வரி புரியவில்லை, அதனால் நிறுத்திக்கொள்கிறேன் என்று இங்கிலீஷில் பணிவாகச் சொன்னது. காலையிலிருந்து பதினேழு தடவை இதைத்தான் சொல்லியிருக்கிறது, நான்தான் கிணற்றில் கொட்டியிருக்கிறேன்.

அண்ணாச்சி அந்த ஃபைலைத் திறந்தார். உச்சியில் '2' என்று இருந்தது. அதன் அடியில் சமமாக இரண்டு கோடு.

"இது என்னதுவே?"

என்னிடம் மறைக்க இனிமேல் ஒன்றும் மிச்சமில்லை. "புள்ளையார் சுழி, அண்ணாச்சி."

நல்ல காரியம் நடக்கிற நாள். கடைக்குச் சாமான் சீட்டு எழுதினாலே சுழி போடாமல் எழுத மாட்டோம். காலையில் குளித்துவிட்டு வந்து, ROOM அடிப்பதற்கு முன்னால், அது முதலில் படிக்கும் அந்த ஃபைலைத் திறந்து உச்சியில் ஒன்று போட்டேன். தமிழ் எழுத்து இல்லாததால் கிடைத்ததை வைத்து ஒப்பேற்றினேன். நான் ஒன்றும் தொடவில்லை என்று சத்தியம் செய்தபோதுகூட இது எனக்கு ஞாபகம் வரவில்லை. பிள்ளையார் சுழி போடுவதை யாராவது தொடுவதில் சேர்ப்பார்களா.

"முகவரி கேட்டு வந்தவனுக்கு நீரு புள்ளையாரக் காட்டியிருக்கீரு. அவன் கும்பிட்டுட்டுப் போயிட்டான்" என்றார் அண்ணாச்சி.

பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. வாயில் துண்டை வைத்து அடக்கப் பார்த்து, முடியாமல், கோமதி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அம்மா முறைத்தார். ஏட்டையா சிரிக்கவில்லை.

அந்த இரண்டு வரியை எடுத்ததும் ROOM ஓடியது. பதினாலாம் நம்பர் அறையைப் போட்டுக் கொடுத்தேன். ஏட்டையா சாவியை வாங்கிக்கொண்டார்.  அண்ணாச்சியை மட்டும் கையைக் காட்டி வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். ஒட்டுக்கேட்பது தப்புதான். அன்றைக்குச் செய்த தப்புகளில் அது நாலாவது.

"ஆளு எப்படி?" என்று ஏட்டையா கேட்டார்.

"பயந்தாங்கொள்ளி" என்றார் அண்ணாச்சி. யோசிக்கக்கூட இல்லை. "கொரங்க மாட்டிவிடப் பாத்தான்."

"ம்."

"ஆனா ஏட்டையா, நான் எத்தன எடத்துக்கு வேலைக்குப் போயிருக்கேன். தப்புப் பண்ணாதவன்னு ஒருத்தனும் கெடயாது. எல்லாவனும் 'நான் ஒண்ணும் தொடலயே'ன்னு கடைசி வரைக்கும் நிப்பான். இவன் பொண்ணு வீட்டுக்காரங்க நிக்கையில, அந்தப் புள்ளையும் பாத்துக்கிட்டு நிக்கையில, 'நாந்தான்'னு சொல்லிட்டாம் பாத்தீங்களா. என்ன கோளாறுன்னு வாய் தெறந்து சொல்லுதவன் கூடக் குடும்பம் நடத்திரலாம். சொல்லாம இருக்கவங்கூடத்தான் முடியாது."

 பிறகு ஏட்டையா தொண்டையைச் செருமினார். "சுழியெல்லாம் போடுதான்."

"போட்ட எடந்தான் தப்பு" என்றார் அண்ணாச்சி.

ஆவணியில் வாசுதேவநல்லூரில் கல்யாணம். அண்ணாச்சி வந்தார். மணவறையில் நான் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்து, கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்ததைப் பார்த்திருப்பார் போல. கூட்டத்தை விலக்கி வந்து குனிந்து காதில் கேட்டார்.

"பயமா இருக்காவே?"

"இருக்கு, அண்ணாச்சி."

"சொல்லிட்டீருல்லா. சரியாப் போகும்."

தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் பந்திக்குப் போய்விட்டார். சரியாகத்தான் போயிற்று, அண்ணாச்சி. இன்றைக்கு வரைக்கும்.